நானூற்றுப் பதினோராவது சமாதானம்

முதல் உலகப் போரை நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டானில் வைத்து நானூற்றுப் பத்து தடவை முடித்துப் பார்த்தோம். ஒன்றும் உருப்படவில்லை. நானூற்றுப் பதினோராவது தடவை உருப்பட்டது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்வதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சிதம்பரநாதன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் சரித்திரம் நடத்தினேன். சரித்திரம் படிக்க ஆள் வரவில்லை என்று துறையை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, 'சரிபார்ப்பு அலுவலர்' என்று அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். மனிதர்களுக்கு வேண்டாமல் போன சரித்திரம் இயந்திரங்களுக்கு வேண்டியிருந்தது. எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

அந்த இயந்திரத்துக்கு ஐரோப்பாவில் வைத்த பெயரை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. எங்கள் ஆபீஸில் பஞ்சாங்கம் என்போம். நடந்து முடிந்த ஒரு சண்டையை அதனிடம் கொடுத்து, இந்தத் தேதியில் இந்த மந்திரி வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், அது போரை மறுபடி முதலிலிருந்து நடத்திக் காட்டும். ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு பீரங்கியும் ஒவ்வொரு சிப்பாயும் அதற்குள் இருப்பார்கள். அதற்கு இட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்று. ஆகக் குறைந்த சாவில் சண்டையை முடி.

பஞ்சாங்கத்தைச் செய்தவர்கள் ஐரோப்பிய சமாதான ஆணையத்தார். அவர்களுக்குச் சரித்திரத்தின் மேல் ஒன்றும் திடீர்க் காதல் வந்துவிடவில்லை. அங்கே அப்போது மூன்றாவது வருஷமாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டணி, அந்தப் பக்கம் ஒரு கூட்டணி. எந்த நாடு எங்கே என்று நாம் படித்து முடிப்பதற்குள் இரண்டு நாடு கட்சி மாறியிருக்கும். எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். ஆனாலும் முதலில் நிறுத்துகிறவன் தோற்றவன் ஆகிவிடுவானே என்ற பயத்தில் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மனுஷன் பேச்சை நம்பாதவர்கள் இயந்திரம் சொன்னால் கேட்பதாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். 1914-ல் தொடங்கிய போரை, நிஜத்தில் நடந்ததைவிடச் சீக்கிரமாகவும் குறைந்த சாவிலும் பஞ்சாங்கம் முடித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், இப்போதைய சண்டையை எப்படி முடிப்பது என்று அது சொல்லலாம். இரண்டு பக்கத்துத் தளபதிகளும் அதன்படி செய்வார்கள்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நாங்கள் எடுத்துக்கொடுப்பவர்கள். முதல் உலகப் போருக்குக் கப்பலேறிப் போனவர்களின் பட்டியல்கள் ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டன. பழைய மதராஸ் மாகாணம் எங்கள் பங்கு. இருபத்தாறு பேர் குளிர்ந்த அறைக்குள் உட்கார்ந்து, நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய கிறுக்கல்களைப் படித்து இயந்திரத்துக்குள் ஏற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே வேலி, அதற்கப்புறம் புள்ளிமான் சரணாலயம். மான்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே மேயும்.

அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி பிரம்மசக்தி. ஓட்டப்பிடாரம் பக்கம். கணிதம் படித்தவள். என்னைவிடப் புத்திசாலி, அதை மறைத்துக்கொள்ளத் தெரியாதவள். எல்லோரும் சக்தி என்று கூப்பிடுவோம். அவளுடைய தம்பி மாசானமுத்து, அப்போது சண்டை நடந்துகொண்டிருந்த அந்த ஆற்றங்கரையிலேயே இருந்தான்.

கிடங்கில் லாரி ஓட்டுகிற வேலை என்று ஏஜெண்ட் ஒருவன் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான். போய் இறங்கியதும் புரியாத பாஷையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பச்சைச் சட்டை கொடுத்து, 'துணைப் பணியாளர்' என்று சொல்லிவிட்டார்கள். கையில் துப்பாக்கி கிடையாது. பள்ளம் தோண்ட வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், உடைகிற பாலத்தைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். நம் ஊர்ப் பையன்கள், இலங்கைக்காரர்கள், ஆப்பிரிக்கர்கள் என்று அந்த ஒரு பிரிவில் மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு பேர்.

வாரத்துக்கு ஒருமுறை அவன் பேசி அனுப்புவான். சக்தி அதைச் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போடுவாள்.

"யக்கா, நல்லாத்தான் இருக்கேன். குளிருதான் எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கு. எங்கூட ஒரு கென்யாக்காரன் இருக்கான். நீ அனுப்புன நார்த்தங்காயத் தின்னுட்டு, இதைக் கொண்டு போய் எதிர்க்கரையில போட்டாப் போதும், சண்டை முடிஞ்சிரும்ங்கான். ஒங்க சார்கிட்ட கேளு, அந்த மெஷினு எப்பத்தான் வாயத் தொறக்கும்னு."

கேட்கிறவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் மோரை ஊற்றிக்கொண்டு குனிந்து சாப்பிடுவேன். மாசானத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவன் குரலுக்காக அந்த ஆபீஸே காத்திருந்தது, நானும் காத்திருந்தேன்.

நானூற்றுப் பத்து தோல்விகளைச் சொல்லி மாளாது. 1916 டிசம்பரில் ஜெர்மனி நீட்டிய சமாதானக் குறிப்பை நேச நாடுகள் வாங்கிக்கொண்டால் என்ன என்று பார்த்தோம். வாங்கிக்கொண்டார்கள், ஆறே மாதத்தில் மறுபடி மூண்டது. ரஷ்யாவில் புரட்சியை ஒரு வருஷம் முந்திக் கொண்டுவந்தோம். சாவு கூடியது. ஒரு மந்திரியைக் காய்ச்சலில் படுக்க வைத்தோம். அவருக்குப் பதிலாக வந்தவர் அவரைவிட மோசம். சமாதானம் என்பது இத்தனை கஷ்டமான சரக்கு என்று இருபத்திரண்டு வருஷம் அதைப் பாடமாக நடத்தியவனுக்குத் தெரியாது.

நானூற்றுப் பதினோராவது தடவை போர் 1917 மே மாதம் முடிந்தது. நிஜத்தைவிடப் பதினெட்டு மாதம் முன்னால். நாற்பது லட்சம் உயிர் மிச்சம்.

ஆணையத்தின் சார்பில் எங்களை மேய்த்துக்கொண்டிருந்த மார்ட்டன்ஸ் அம்மையார் திரையில் வந்தார். அறுபது வயது இருக்கும். எப்போதும் இஸ்திரி போட்ட முகம். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"இத்தனை எளிமையாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை, மிஸ்டர் சிதம்பரநாதன். இரண்டு பக்கமும் தான்தான் ஜெயித்தோம் என்று நம்பினால் போர் நின்றுவிடும். அவ்வளவுதான். பிரிட்டனுக்கு மெசபடோமியாவில் டைக்ரிஸ் நதிக்கரையில் ஒரு பெரிய வெற்றி. ஜெர்மனிக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய வெற்றி. லண்டனிலும் பெர்லினிலும் ஒரே வாரத்தில் கொண்டாட்டம். அந்தச் சூடு ஆறுவதற்குள் பேசி முடித்து, மே மாதம் பிரான்சில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகிறார்கள்."

"அந்த இரண்டு வெற்றியிலும் சாவு?" என்று கேட்டேன்.

"ஏறக்குறைய இல்லை. அதுதான் இதன் அழகு."

கை தட்டினோம். கடம்பூர் போளி வாங்கி வந்து கொடுத்தோம். சக்தி இரண்டு போளியை எடுத்துக்கொண்டு, "அப்பம் இந்தச் சண்டையும் நின்னு எங்க ஆளு வந்துருவான்லா சார்" என்றாள். வந்துவிடுவான் என்றேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மூன்றாம் நாள் அவள் என் மேசைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், டைக்ரிஸ் ஆத்துல மார்ச் மாசம் எத்தன பேரு செத்தாவ?"

"நிஜத்திலா, பஞ்சாங்கத்திலா?"

"பஞ்சாங்கத்துல."

தாளைப் பார்த்துச் சொன்னேன். "நானூற்றுப் பன்னிரண்டு."

"அந்த நானூத்திப் பன்னெண்டும் ஆபீசருவ. வெள்ளக்காரப் பேரு. ஆத்துக்குள்ள எறங்குனது எண்பதாயிரம் பேரு சார். எதிர்க்கரையில மெஷின் கன்ன வெச்சுச் சுடுதான். எண்பதாயிரம் பேருல ஆபீசர மட்டும் பொறுக்கிப் பொறுக்கியா குண்டு பாயும்?"

அவள் கையில் இருந்த தாளை என் முன்னால் விரித்தாள்.

"எறங்குனது பூரா மதராஸ் மாகாணத்து ஆளுவ. நாம ஏத்துன பட்டியலு. பஞ்சாப் பட்டியல்ல எல்லாருக்கும் பின்னால சிங், கான்னு ஏதோ ஒண்ணு இருக்கு. அவியளக் கரையிலயே நிறுத்திட்டு. நம்ம ஆளுவளத்தான் கப்பல் கப்பலா ஏத்திக் கொண்டு போயிருக்கு. ஏன்னா நாம குடும்பப் பேரு கட்டத்தக் காலியா விட்டுருக்கோம். அது காலியா இருந்தா இந்த மெஷினு அதை ஆளுன்னு எடுத்துக்கிடலை சார். குறிப்புன்னு எடுத்துக்கிடுது. குறிப்பு சாவாதுல்லா."

நான் செய்த காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆணையம் கொடுத்த படிவத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கட்டம். சொந்தப் பெயர், குடும்பப் பெயர். நம் சிப்பாய்களுக்குக் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? பழைய பட்டியலில் முத்துசாமி, தகப்பன் பெருமாள், சாதி இன்னது, ஊர் இன்னது என்று இருக்கும். எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு மாதிரி நிரப்பினார்கள். ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாருக்கும் ஒரே சீராக இருக்கட்டும், சாதிப் பெயரைப் போட்டுவிடுங்கள், அதுதான் குடும்பப் பெயருக்கு நெருக்கமாகத் தெரிகிறது என்று.

எனக்குச் சுருக்கென்று வந்தது. அன்று ஆபீஸில் எல்லோரையும் நிறுத்திவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதியைப் பிடுங்கி எறிந்த ஊர் இது, எவனோ ஒருவனுடைய கட்டம் காலியாக இருக்கிறதே என்பதற்காகச் செத்துப்போனவர்கள் முதுகில் மறுபடி அதைக் கட்டமாட்டேன் என்றேன். அப்படியானால் அப்பா பெயரைப் போடலாமே என்று யாரோ கேட்டார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகாது, சரித்திரத்தில் தப்புத் தகவல் தரக்கூடாது என்று அதையும் மறுத்தேன். காலியாக விடுங்கள் என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை தட்டினார்கள். மார்ட்டன்ஸ் அம்மையார், 'உங்கள் பண்பாட்டை மதிக்கிறோம், காலியாகவே இருக்கட்டும்' என்று பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை என் மனைவியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

இப்போது சக்தி என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாக் கட்டத்துலயும் சும்மா ஒரு எழுத்தப் போட்டு அந்த ஒரு மாசத்த மட்டும் ஓட்டிப் பாத்தேன் சார். முப்பத்தோராயிரம் பேரு செத்துப் போறாவ. அது தெரிஞ்ச ஒடனே மெஷினு அந்த வழியே வேண்டாம்னு விட்டுருது. கட்டம் காலியா இருந்தாத்தான் அந்த ஆத்துல எறங்குது. படையில சுமை தூக்குற கழுதைக்குக்கூட ஒரு கணக்கு இருக்கு, செத்தா கழிச்சுக்கிடுது. இவியளுக்கு அதுவும் இல்ல."

"ஆப்பிரிக்காவில்?"

"அங்க சுமைகூலிக்குப் பட்டியலே பெரும்பாலும் கெடையாது. எத்தனைன்னு ஆராலயும் சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த திங்கக்கெழம இப்ப நடக்கிற சண்டைய அதுகிட்ட குடுக்கப் போறாவ. மாசானம் பாஸ்போர்ட்டுல குடும்பப் பேரு காலி சார். அவங்கூட பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் காலிதான், குடும்பப் பேரு இருக்கிறவியளுக்கும் ஏஜெண்டு எழுதாம விட்டுருக்கான்" என்றாள்.

ஆணையத்துக்கு ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தாள். அரைப்பக்கம். பிழை எங்கே, திருத்த எத்தனை நாளாகும், அதுவரை இயந்திரத்தை நிறுத்திவையுங்கள். என் கையெழுத்துதான் பாக்கி.

நான் அவளிடம் நிதானமாகப் பேசினேன். வாத்தியார் குரல் எனக்கு எப்போதும் கைகொடுக்கும்.

"இதை அனுப்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் சக்தி. எட்டு மாதம் ஆகும். அங்கே தினம் இரண்டாயிரம் பேர் சாகிறார்கள். எட்டு மாதத்துக்கு எவ்வளவு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எட்டு மாதமும் உன் தம்பி அதே கரையில்தான் நிற்பான்."

"அப்பம் என்ன செய்யச் சொல்லுதிய?"

"அந்தப் பிரிவின் இப்போதைய பட்டியலும் சரிபார்ப்புக்கு நம்மிடம்தான் வந்திருக்கிறது, அதில் அவன் பெயருக்குப் பக்கத்தில் கட்டத்தை நிரப்பிவிடு. ஒரு ஆளைத் திருத்தினால் எழுத்துப் பிழை. நான் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டாயிரம் பேரைத் திருத்தினால் விசாரணை வரும்."

"மத்தவிய?"

"முதலில் உன் தம்பியைப் பார்."

தினம் இரண்டாயிரம் பேர் என்று நான் சொன்ன நியாயம் பொய்யில்லை. ஆனால் என்னைப் பேச வைத்தது அது இல்லை. காலியாக விடச்சொன்ன உத்தரவு என் கையெழுத்தில் இருந்தது. விசாரணை வந்தால் முதல் கேள்வி என்னிடம்தான். பண்பாடு பற்றிய என் பிரசங்கத்தை ஐரோப்பாவில் பத்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல், அவளுடைய தம்பியை எடுத்து முன்னால் வைத்தேன்.

அவள் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கூடப் பிறந்தவன். கடைசியில், "எங்க அப்பா பேரப் போடட்டா?" என்றாள்.

"போடு."

என் மேசையிலேயே தட்டினாள். மாசானமுத்து. குடும்பப் பெயர், சுடலைமாடன். தகப்பன் பெயர் குடும்பப் பெயர் ஆகாது என்ற சரித்திர ஞானமெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். அவளுடைய கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை சண்டையைப் பஞ்சாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அது என்ன சொன்னது என்பது இரண்டு பக்கத்துத் தளபதிகளுக்கும் ஆணையத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். எங்களுக்கு ஒரு வரி வந்தது: வழி கிடைத்துவிட்டது, நன்றி. பத்தொன்பதாம் நாள் போர் நின்றது.

உலகம் முழுக்க ஜனங்கள் தெருவில் இறங்கிக் கூத்தாடினார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில்கூட வெடி போட்டார்கள், எதற்கென்று தெரியாமலே. இரண்டு கூட்டணியும் ஜெயித்துவிட்டதாக இரண்டு கூட்டணியும் அறிவித்தன. சக்தி போனை மேசை மேல் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. லைன் நெருக்கடியாக இருக்கும் என்றோம். இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை மார்ட்டன்ஸ் அம்மையார் திரையில் வந்து, மிஸ் பிரம்மசக்தியுடன் பேச வேண்டும் என்றார். சக்தி என்னையும் இருக்கச் சொன்னாள்.

அம்மையார் கறுப்பு உடை போட்டிருந்தார். ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துப் பேசினார்.

"உங்கள் சகோதரர் இறந்துவிட்டார். இதை நானே நேரில் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அவர் எப்படி இறந்தார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரு கடைசி வெற்றி தேவைப்பட்டது. ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். ஒரு பக்கம் அதைக் கட்டி முடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். மறுபக்கம் அதைத் தகர்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு மத்தியானத்தோடு எல்லாம் நின்றது. மனித வரலாற்றில் இத்தனை குறைந்த இழப்பில் முடிந்த போர் கிடையாது. அந்தக் கடைசிச் சண்டையில் இறந்தவர் ஒரே ஒருவர்."

சக்தி மேசை மேலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இயந்திரம் அந்த ஒரு உயிருக்காகவும் யோசித்தது என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். அந்த ஒருவரையும் காப்பாற்றுகிற வேறு வழிக்கு நான்கு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்த நான்கு நாளில் எண்ணாயிரம் பேர் போயிருப்பார்கள். அதனால்தான். ஆற்றங்கரையில் ஒரு நினைவுக்கல் வைக்கிறோம். அதில் அவர் பெயர் மட்டும் இருக்கும். மாசானமுத்து சுடலைமாடன். சரியாக உச்சரிக்கிறேனா?"

"சரிதான்" என்றாள் சக்தி, ஆங்கிலத்தில். "அந்தப் பாலத்தின் மேல் எத்தனை பேர் நின்றார்கள்?"

அம்மையார் முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். "ஒருவர்."

"பாலத்தை ஒருவன் தனியாகக் கட்டினானா? அவன் பிரிவில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் இருந்தார்கள். அவர்கள் எங்கே?"

மறுபடி தாளைப் பார்த்தார். அந்த அம்மாள் பொய் சொல்கிறவர் இல்லை. தாளில் இருப்பதைச் சொல்கிறவர். "துணைப் பணியாளர் பிரிவின் ஒப்பந்தம் அன்றைக்கே முடிவடைந்துவிட்டது என்று குறிப்பில் இருக்கிறது. அவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள்."

திரை அணைந்தது. அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தாள்.

"சார், ஒண்ணுமே போடாம விட்டுருந்தாலும் செத்துத்தான் போயிருப்பான். ஒருத்தனுக்குப் போட்டோம், ஒண்ணுதானேன்னு எடுத்துக்கிடுச்சு. ரெண்டாயிரத்து முந்நூறு பேருக்கும் போட்டிருந்தா, கட்டுபடியாவாதுன்னு பாலத்த விட்டுருக்கும். எனக்கு இது தெரியும் சார். மார்ச் மாசத்த ஓட்டிப் பாத்தவளே நான்தான். தெரிஞ்சும் எந்தம்பி பேர மட்டும் தட்டுனேன்."

"நான்தானே சொன்னேன்."

"ஆமா, நீங்கதான் சொன்னிய" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆபீஸுக்கு வரவில்லை.

அன்றைக்கே நான் ஆணையத்துக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், என் உத்தரவை, என் பிரசங்கத்தை, என் பயத்தை. எட்டு பக்கம் வந்தது. அவள் அரைப்பக்கத்தில் எழுதியிருந்ததுதான். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. போர் முடிந்ததும் பதிவுகள் மூடப்பட்டுவிட்டன. மூடிய பதிவைத் திறந்தால் வெற்றி யாருடையது என்ற கேள்வி மறுபடி எழும், சமாதானத்துக்கு ஆபத்து. உங்கள் அக்கறைக்கு நன்றி. கீழே மார்ட்டன்ஸ் அம்மையாரின் கையெழுத்து. பஞ்சாங்கத்துக்கு அந்த வருஷம் பெரிய பரிசு கொடுத்தார்கள். எங்கள் கிளைக்கும் ஒரு சான்றிதழ் வந்தது. நான் வேலையை விட்டேன், அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நினைவுக்கல் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வெள்ளைக்கல்லில் ஒரே ஒரு பெயர். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் சக்தியைத் தேடி ஓட்டப்பிடாரத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். பையனிடமிருந்து போன் வராத அம்மாக்கள், அண்ணன்கள், கைப்பிள்ளையோடு பெண்டாட்டிகள். எங்கள் ஆளும் அங்கேதான் இருந்தான், உங்கள் தம்பிக்கு மட்டும் எப்படிப் பெயர் வந்தது, யாரைப் பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். நம் ஊரில் ஒருவனுக்கு ஒன்று கிடைத்தால் வேறு எப்படிக் கேட்பார்கள்? கேள்வியிலும் தப்பில்லை, ஆளைப் பிடித்துத்தான் பெயர் போட்டோம். சக்தி ஒன்றையும் மறைக்காமல் என் விலாசத்தைக் கொடுத்தாள்.

முதலில் வந்தவள் நாங்குநேரிப் பக்கத்து அம்மாள், பெயர் வெள்ளத்தாய். காலை பத்து மணி இருக்கும். மஞ்சள் பைக்குள்ளிருந்து மகனுடைய பாஸ்போர்ட் நகலை எடுத்து என் கையில் கொடுத்தாள். சொந்தப் பெயர், இசக்கிராஜா. இன்னொரு கட்டத்தில் ஒன்றும் இல்லை.

"கல்லுல எல்லாம் போட வேண்டாம் சார். செத்தான்னு ஒரு காயிதம் குடுத்தாப் போதும். ஏஜெண்டுக்குப் போன் அடிச்சா ஊருக்குக் கெளம்பிட்டான், வந்துருவான்னே சொல்லுதாவ. ஏழு மாசமா அவன் தட்டக் கழுவி வெச்சுக்கிட்டு இருக்கேன். செத்தான்னு தெரிஞ்சா அவன் சட்டைய வெச்சாவது காரியத்தச் செஞ்சுருவேன். சக்திப் பொண்ணு சொல்லுச்சு, சார்தான் பேரு போடுதவுகன்னு."

பதிவுகள் மூடப்பட்டுவிட்டன என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் பேனாவை எடுத்தேன்.

"குடும்பப் பேர் என்னம்மா?"

"அப்படின்னா?"

பெயருக்குப் பின்னால் போடுகிற பெயர், அது காலியாக இருந்ததால்தான் உன் மகனைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த மட்டில் விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். கோபப்படவில்லை. ஏதோ ரேஷன் கார்டில் விட்டுப்போன விஷயத்தைக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"எது வேணும்னாலும் போடுங்க சார். எங்க சாதியப் போடுங்க, ஊரப் போடுங்க, அவுக அப்பா பேரப் போடுங்க. ஒண்ணும் தோணலைன்னா ஒங்க பேரக்கூடப் போட்டுக்கிடுங்க. காலியா மட்டும் விட்டுராதிய."

அவளுக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே இன்னும் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.